அக்காவுக்கு மாரடைப்பு, ஆனால் கொழுப்பு அடைப்பு இல்லையாம், ஸ்டென்ட்டும் வைக்கவில்லை: ‘ஸ்கேட்’ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்தம்பி | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். நான் இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள். இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வயது 44. பள்ளிக்கூட டீச்சர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்டிரால் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஒல்லியான உடம்பு, தினமும் காலையில் நடப்பவள். காலேஜ் நாளிலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு, அது ஒன்றுதான். சமீபத்தில் அவள் மாமனார் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பந்திக்கு வாடகைக்கு எடுத்த அண்டா குண்டானை எல்லாம் எண்ணித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் எரிச்சல், தாடை இழுக்கிற மாதிரி ஒரு வலி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கடுப்பு. வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் வாய்வு என்றார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். தெருமுனை கிளினிக்கில் ஈசிஜி எடுத்து நார்மல் என்று சொல்லி, கேஸுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்திருக்கிறாள், யாரையும் எழுப்பவில்லை.

விடிந்ததும் வேறு ஆஸ்பத்திரி. அங்கே ரத்தத்தில் டிரோபோனின் (இதயத்தசை அடிபட்டால் கூடுகிற ஒரு பொருளாம்) ஏறியிருக்கிறது என்று உடனே ஆஞ்சியோ செய்தார்கள். டாக்டர் வெளியே வந்து சொன்னது இதுதான்: கொழுப்பு அடைப்பு எதுவும் இல்லை, ரத்தக்குழாயின் சுவர் உள்ளுக்குள்ளேயே பிரிந்திருக்கிறது, தானாக ஆறிவிடும், ஸ்டென்ட் வைக்கப் போவதில்லை, சில நாள் ஐசியுவில் வைத்துப் பார்க்கலாம். ரிப்போர்ட்டில் ‘ஸ்கேட், டைப் 2, எல்.ஏ.டி. நடுப்பகுதி’ என்று இருக்கிறது. சுவர் இப்படித் தானாகப் பிரிவதற்குத்தான் ஸ்கேட் (SCAD) என்று பெயராம், எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கம் ஓடும் பெரிய குழாயாம்.

சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார், மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்று. மாரடைப்பு என்கிறார்கள், ஆனால் ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள், இது எந்த ஊர் நியாயம் என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். யாருக்காவது தெரியுமா?


பழையபேஷண்ட் | செவ்வாய், இரவு 11.58

தம்பி, எனக்கு 2 ஸ்டென்ட் இருக்கிறது, 2016-லிருந்து குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறேன். மாரடைப்பு என்று உறுதியான பிறகு சும்மா வைத்திருப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. காப்பீட்டில் பணம் வராது என்று தள்ளிப்போடுகிறார்களோ என்னவோ. இன்னொரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.


கேத்லேப்காரன் | புதன், காலை 6.15

நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கேத் லேபில், அதாவது ஆஞ்சியோ செய்கிற அறையில், டெக்னீஷியன், பதினோரு வருடம். இதுவரை நேரில் பார்த்த ஸ்கேட் கேஸ்களை இரண்டு கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால் சொல்லத் தகுதி கொஞ்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சித்தப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் என்ன ஆகும்? காரைப் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து அறைக்குள் உப்பிக்கொண்டு நிற்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரும் ஒற்றைச் சுவர் இல்லை, மூன்று அடுக்கு. அந்த அடுக்குகளுக்கு இடையில் ரத்தம் கசிந்து தேங்குகிறது. தேங்கின ரத்தம் உள் அடுக்கை உள்பக்கமாகத் தள்ள, ரத்தம் ஓடுகிற வழி குறுகிப்போகிறது. அதற்கு அப்பால் இருக்கும் தசைக்கு ரத்தம் போதாமல் வருவதுதான் உங்கள் அக்காவுக்கு வந்த மாரடைப்பு. மாரடைப்பு நிஜம், அதில் சந்தேகம் வேண்டாம். காரணம்தான் வேறு.

சரி, கசிவு எங்கிருந்து வருகிறது? உள் அடுக்கில் ஒரு கிழிசல் விழுந்து அதன் வழியாக ரத்தம் நுழைகிறது என்று ஒரு கட்சி. சுவருக்கே சோறு போடுகிற பொடிப்பொடி நாளங்கள் உண்டு, அதில் ஒன்று வெடித்துச் சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டுகிறது என்று இன்னொரு கட்சி. நிறையப் பேருக்கு உள் அடுக்கில் கிழிசலே கண்ணில் படுவதில்லை என்பதால் இரண்டாவது கட்சிக்கு இப்போது பலம் அதிகம்.

இப்போது ஸ்டென்ட். உப்பி நிற்கிற காரையை ஒரு பக்கம் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கும், ஆனால் உள்ளே இருக்கிற தண்ணீர் மேலேயோ கீழேயோ ஓடி அங்கே உப்பும். ஸ்டென்ட்டை விரித்தால் அதேதான் நடக்கிறது, ரத்தக்கட்டு முன்னும் பின்னும் நழுவிப் பிரிவு இன்னும் நீளமாகிறது. அதைவிடப் பயம், உள்ளே விடுகிற கம்பி நிஜமான பாதையில் போகாமல் அந்தப் பொய்ப் பாதையில் புகுந்துகொள்வது. ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டென்ட் என்று ஆரம்பித்தது மூன்றில் போய் முடிந்தது, அன்றைக்கு லேபில் யாரும் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. ரத்த ஓட்டம் சுத்தமாக நின்றுபோனாலோ, வலி நிற்காமல் இருந்தாலோ, பிரஷர் விழுந்தாலோ, ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தாலோ, இடதுபக்க முதன்மைக் குழாயே பிரிந்திருந்தாலோ ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துதான் ஆக வேண்டும். இல்லையென்றால் கை வைக்காமல் இருப்பதே வைத்தியம்.

ஐசியுவில் வைத்திருப்பதும் சும்மா இல்லை. முதல் வாரத்தில்தான் பிரிவு நீளக்கூடும். அப்படி நீண்டால் கேத் லேப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதற்குத்தான் காவல்.

பழையபேஷண்ட் சார், கோபப்படாதீர்கள். ஸ்டென்ட் வைத்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் பில். வைக்காமல் வெளியே வந்து ‘வேண்டாம்’ என்று சொன்ன டாக்டருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.


கரிசல்தம்பி | புதன், காலை 7.02

அண்ணா, இதை அப்படியே சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “காரை உப்பினா கொத்திட்டுப் புதுசா பூசணும்ல?” என்று கேட்கிறார். என்ன சொல்வது?


கேத்லேப்காரன் | புதன், காலை 7.20

இந்தச் சுவர் தானே காயும் என்று சொல்லுங்கள். வான்கூவரில் ஜாக்குலின் சா என்ற டாக்டரின் குழு, ஸ்கேட் வந்தவர்களுக்கு மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து 2019-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். 30 நாளுக்குப் பிறகு எடுத்த படங்களில் நூற்றுக்கு 95 ஆறியிருந்தது. சுவருக்குள் கட்டின ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘டைப் 2’ என்ற பெயர்கூட அவர் 2014-ல் வகுத்ததுதான். டைப் 1 என்றால் படத்தில் இரண்டு பாதை தெளிவாகத் தெரியும், கண்டுபிடிப்பது சுலபம். டைப் 2-ல் குழாய் திடீரென்று இளைத்து, நீளமாக வழுவழுவென்று போகும், அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். டைப் 3 அசல் கொழுப்பு அடைப்பு மாதிரியே இருக்கும், குழாய்க்குள்ளே கேமரா மாதிரி ஒன்றை விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். ஆஞ்சியோ என்பது குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல் மட்டுமே, சுவரை அது காட்டாது. டைப் 2-ஐ ‘சின்னக் குழாய்தான், ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினவர்களும் உண்டு. உங்கள் டாக்டர் பார்த்த உடனே பிடித்திருக்கிறார்.


உள்ளதைச்சொல்வேன் | புதன், காலை 9.45

இதெல்லாம் கொரோனா ஊசிக்கு அப்புறம் வந்த நோய். அதற்கு முன்னால் இந்தப் பெயரை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நேர்மையாகச் சொல்லுங்கள்.


மலர்_யூகே | புதன், பிற்பகல் 2.10

நான் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வந்தது 2017-இல். கொரோனாவே அப்போது இல்லை.

இங்கிலாந்தில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள், விடியப்புறம் பால் கொடுத்துக்கொண்டிருக்கையில் நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றினது போல ஒரு அழுத்தம். ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் பிள்ளை பெற்ற பதற்றம், மூச்சை மெதுவாக விடுங்கோ என்று சொல்லி ஒரு கடதாசிப் பையைக் கையில் தந்தார். வயது 34, சிகரெட் இல்லை, ஒன்றும் இல்லை, யாருக்குத்தான் மாரடைப்பு என்று தோன்றும்? ஆறு மணித்தியாலம் கழித்து இரண்டாவது ரத்தப் பரிசோதனையில்தான் டிரோபோனின் ஏறியிருந்தது.

உள்ளதைச்சொல்வேன் அண்ணை, இது 1931-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவான நோய். 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் பிரெட்டி என்ற மருத்துவர் கண்டு எழுதியது. அதற்குப் பிறகும் பல காலம் இறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். புது நோய் இல்லை, கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதுதான் புதுசு.

தம்பி, உங்கட அக்காவுக்கு நான் சொல்ல நினைப்பது நிறைய இருக்கு. வேலை முடிந்து இரவு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: அவவிடம் ‘டென்ஷன் ஆகாதே’ என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.


மூலிகைத்தோட்டம் | புதன், மாலை 4.30

மருதம்பட்டைக் கஷாயம் 48 நாள், கூடவே பூண்டுப் பால். எப்பேர்ப்பட்ட அடைப்பும் கரைந்துவிடும். என் அனுபவம்.


கேத்லேப்காரன் | புதன், மாலை 5.05

ஐயா, இங்கே கரைக்க அடைப்பே இல்லை என்பதுதான் மொத்தக் கதையும். மூன்று பக்கமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதோடு அவர்கள் ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். டாக்டருக்குத் தெரியாமல் மேலே எதையும் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ஸ்கேட்டில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி கூடாது, சுவருக்குள் கசிவைக் கூட்டிவிடலாம் என்பது உண்மை. ஆனால் அது ஆஞ்சியோவில் ஸ்கேட் என்று தெரிந்த பிறகு சொல்லும் பேச்சு. நூறு பேருக்கு மாரடைப்பு வந்தால் ஸ்கேட் ஒன்றிலிருந்து நாலு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு அந்த ஊசி உயிர் காக்கும் ஊசி. பக்கத்தில் கேத் லேப் இல்லாத ஊரில், கேஷுவாலிட்டியில் நின்றுகொண்டு ‘இன்டர்நெட்டில் ஊசி வேண்டாம் என்று போட்டிருந்தது’ என்று யாரும் சண்டைக்குப் போய்விடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.


வாசுகி39 | புதன், இரவு 8.20

படித்ததிலிருந்து எனக்குப் படபடப்பாக இருக்கிறது. எனக்கும் ஒற்றைத் தலைவலி, எனக்கும் கொலஸ்டிரால் இல்லை. அப்படியானால் எனக்கும் வருமா? தலைவலிக்குச் சுமாட்ரிப்டான் சாப்பிடுகிறேன்.


மலர்_யூகே | புதன், இரவு 11.50 (இங்கே மாலைதான்)

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தாச்சு. எழுதுகிறேன்.

வாசுகி தங்கச்சி, பயப்பட வேண்டாம். ஸ்கேட் வந்தவர்களில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கணிசம், அது உண்மை. ஆனால் உலகத்தில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கோடிக்கணக்கு, ஸ்கேட் அரிது. ஸ்கேட் வந்த பிறகு டிரிப்டான் வகை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அது ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால். உங்களுக்கு ஸ்கேட் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகையில் கேளுங்கோ, அது போதும்.

இனித் தம்பிக்கு. ஸ்கேட் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வரும் மாரடைப்புகளில் மூன்றில் ஒன்று வரைக்கும் இதுவாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் வரும் மாரடைப்புக்கு இது முதல் காரணங்களில் ஒன்று, அதிலும் பெற்ற முதல் மாதம்தான் மோசம். ஏன் என்றால் ஹோர்மோன் மாற்றம் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது, ஆம்பிளைகளுக்கும் வருகிறது, ஆகவே ஹோர்மோன் மட்டும் காரணம் இல்லை.

கனடா, அமெரிக்காவில் 22 ஆஸ்பத்திரிகளில் 750 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு, 2019-இல் வெளிவந்தது. அதில் பாதிப் பேர், வலி வருவதற்கு முன்னால் மனசைப் போட்டு உலுக்கிய ஏதோ ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 29 சதவீதம் பேர் உடம்பை வருத்திய ஏதோ வேலையைச் சொன்னார்கள். உங்கட அக்காவுக்கு இரண்டும் அடுத்தடுத்து. அதே ஆய்வில் 84 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட், பைபாஸ் எதுவும் இல்லாமல் மருந்து மட்டும்தான். இதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கோ.

ஏன் ‘டென்ஷன் ஆகாதே’ என்று சொல்லக் கூடாது என்றேன் தெரியுமா? அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தரமும் ‘நீ டென்ஷன் ஆனபடியால்தான் வந்தது’ என்று காதில் விழும். அழாமல் யார் மாமனாரைப் புதைக்கிறார்கள், எரிக்கிறார்கள்? அழுத்தம் விசையைத் தட்டியிருக்கலாம், துப்பாக்கியை யார் நிரப்பியது என்பது வேறு கணக்கு. எனக்கு மருந்தை விடக் கஷ்டமாக இருந்தது அந்தப் பழிதான்.

வீட்டுக்கு வந்த பிறகு சின்னச் சின்னக் குத்து, இழுப்பு வரும். பல மாதம் வரும். ஒவ்வொன்றும் மறுபடி ஸ்கேட் இல்லை, ஆனால் எதையும் அசட்டை செய்யவும் முடியாது. முதல் தரம் வந்த மாதிரியே வந்து, ஓய்வெடுத்தும் குறையாமல் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. நான் முதல் வருடத்தில் நாலு தரம் போயிருக்கிறேன், நாலு தரமும் ஒன்றும் இல்லை. வெட்கப்படவில்லை.


கரிசல்தம்பி | வியாழன், காலை 5.50

அக்கா, உங்கள் பதிலை ஐசியு வாசலில் நின்று படித்தேன். ரொம்ப நன்றி. டாக்டர் இன்னொன்று சொன்னார், வீட்டுக்குப் போன பிறகு தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று. இதயத்தில் வந்ததற்குத் தலையை எதற்குப் பார்க்க வேண்டும்? செலவு வேறு யோசனையாக இருக்கிறது.


மலர்_யூகே | வியாழன், பிற்பகல் 1.30

எடுங்கோ. எனக்கு எடுத்ததில் வலது சிறுநீரகத்துக்குப் போகிற குழாய் மணி கோத்த மாலை போலத் தெரிந்தது. குழாய்ச் சுவரில் நார்த்தசை தாறுமாறாக வளர்கிற ஒரு கோளாறு அது, எஃப்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஸ்கேட் வந்த பல பேருக்குக் கழுத்திலோ சிறுநீரகத்திலோ இடுப்பிலோ இது மறைந்திருக்கும், தலைக்குள்ளே குழாய் வீங்கி இருப்பதும் உண்டு. தேடினால்தான் தெரியும். எனக்கு அதற்குத் தனியாக வைத்தியம் ஒன்றும் இல்லை, பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

ஸ்கேட் என்பது இதயத்தின் நோய் இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிற குழாய்களின் சுபாவம், அது இதயத்தில் மாட்டிக்கொண்டது என்று எனக்கு விளங்கினது அன்றைக்குத்தான்.


கேத்லேப்காரன் | வியாழன், இரவு 9.15

மலர் மேடம் சொன்னதற்கு மேல் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேட் கேஸுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் ஒரு வருடம், அதோடு துடிப்பையும் பிரஷரையும் தணிக்க மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் எழுதுகிறார்கள்.


மலர்_யூகே | வியாழன், இரவு 11.40

அங்கேதான் எனக்குச் சண்டை. இரண்டு மாத்திரை எதற்கு? ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சரி, கம்பி மேல் ரத்தம் உறையக் கூடாது. ஸ்டென்ட்டே வைக்காதவருக்கு, சுவருக்குள் ரத்தம் கசிந்த நோய்க்கு, ரத்தத்தை இரண்டு பக்கமும் நீர்க்க வைப்பது என்ன கணக்கு? இத்தாலி, ஸ்பெயின் டாக்டர்கள் 199 பேரின் விவரத்தைப் பார்த்து 2021-இல் எழுதினார்கள், இரண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சிக்கல் கூட. எனக்கு ஆஸ்பிரின் மட்டும்தான். கொலஸ்டிரால் சரியாக இருந்தபடியால் ஸ்டாட்டினும் தரவில்லை.


கேத்லேப்காரன் | வெள்ளி, காலை 6.30

மேடம், அந்தக் கட்டுரை எனக்கும் தெரியும், எங்கள் கன்சல்டன்ட் ஒருவர் அதை வைத்துத்தான் இப்போது குறைக்க ஆரம்பித்திருக்கிறார். ஆனால் அது பின்னால் திரும்பிப் பார்த்துச் செய்த கணக்கு. யாருக்கு நிலைமை மோசமாக இருந்ததோ அவர்களுக்குத்தான் டாக்டர்கள் இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அப்புறம் அவர்களுக்குத்தான் சிக்கலும் வரும். மாத்திரையைக் குற்றம் சொல்வதா, நோயைக் குற்றம் சொல்வதா?

பீட்டா பிளாக்கர் கதையும் அதுதான். வான்கூவரில் 327 பேரைச் சராசரியாக மூன்று வருடம் பார்த்ததில் பத்துப் பேரில் ஒருவருக்கு மறுபடி வந்தது, பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களுக்கு அந்த அபாயம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கியது, பிரஷர் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இவருக்கு மருந்து, இவருக்கு இல்லை என்று பிரித்துச் செய்த சோதனை இல்லை. ஸ்பெயினில் அப்படி ஒன்றை ஆரம்பித்தார்கள், பீட்டா பிளாக்கரையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் சேர்த்துச் சோதிக்க. இவ்வளவு அரிதான நோய்க்கு ஆள் திரட்டுவதே பெரும் பாடு.

ஆகவே தம்பி, இரண்டு டாக்டர் இரண்டு விதமாக எழுதினால் ஒருவர் தப்பு என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ‘இரண்டாவது மாத்திரை எத்தனை நாளைக்கு, ஏன்’ என்பதுதான். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது.


பழையபேஷண்ட் | வெள்ளி, காலை 10.10

நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், இவ்வளவு அரிதான நோய்க்கு 750 பேர், 327 பேர் என்று எப்படிச் சேர்த்தார்கள்?


மலர்_யூகே | வெள்ளி, மாலை 6.00

நல்ல கேள்வி கேட்டீங்கள். அந்த இரண்டையும் ஆஸ்பத்திரி வழியாகச் சேர்த்தது டாக்டர்கள்தான், ஆனால் முதலில் ஆள் திரட்டிக் காட்டியது நோயாளிகள்.

அமெரிக்காவில் இதய நோயுள்ள பெண்களுக்கான ஒரு இணையக் குழு. அதில் ஸ்கேட் வந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எந்த டாக்டரைக் கேட்டாலும் ‘என் சர்வீஸில் உன்னைத் தவிர வேறு ஆளைப் பார்த்ததில்லை’ என்று பதில். 2009-இல் மினசோட்டாவில் மேயோ கிளினிக்கில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர்களில் ஒருவர் ஷரோன் ஹேய்ஸ் என்ற இதய நிபுணரைப் பிடித்து, எங்களிடம் ஆள் இருக்கிறார்கள், நீங்கள் ஆராய்ச்சி செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார். ஹேய்ஸ் முதலில் 12 பேரோடு ஒரு சின்ன முன்னோட்டம் செய்யலாம் என்று நினைத்தார். குழுவில் அறிவித்து ஒரு வாரம் ஆவதற்குள் 18 பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த முன்னோட்டம் 2011-இல் கட்டுரையாக வந்தது. இப்போது மேயோவின் பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேலே.

இங்கேயும் அதே கதை. ஒரு நோயாளி போய்க் கதவைத் தட்டித்தான் லெஸ்டரில் டேவிட் ஆட்லம் என்ற நிபுணர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நானும் அங்கே போய் எம்.ஆர்.ஐ.க்குப் படுத்து, ரத்தம் கொடுத்து, தோலில் ஒரு துணுக்கும் கொடுத்தேன். ‘பீட் ஸ்கேட்’ என்று நோயாளிகள் நடத்துகிற தொண்டு அமைப்பு பணம் திரட்டுகிறது.

அந்த ரத்தத்தில் இருந்து வந்த ஒரு செய்தி, எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஃபாக்டர்-1 (PHACTR1) என்ற மரபணுவில் ஒரு எழுத்து இப்படி இருந்தால் சாதாரணக் கொழுப்பு மாரடைப்பு கூடுகிறது. அதே இடத்தில் எழுத்து மாறி இருந்தால் அந்த அபாயம் குறைகிறது, ஆனால் ஸ்கேட்டும் ஒற்றைத் தலைவலியும் எஃப்.எம்.டி.யும் கூடுகின்றன. 2019-இல் கண்டது. பழையபேஷண்ட் அண்ணைக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே தராசின் இரண்டு தட்டு மாதிரி! பிறகு 2023-இல் 1,917 நோயாளிகளை வைத்து, மொத்த மரபணுத் தொகுதியில் ஸ்கேட்டோடு தொடர்புள்ள 16 இடங்களைக் காட்டினார்கள். அதில் ஒரு குறை, அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சம். நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை.


கேத்லேப்காரன் | வெள்ளி, இரவு 10.25

கடைசி வரி சுருக்கென்று குத்துகிறது. நான் பார்த்த பத்துப் பேரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சிடியில் எரித்துக் கொடுத்தோம், வீட்டுக்குப் போனார்கள். அந்த சிடி இப்போது யார் வீட்டு பீரோவில் கிடக்கிறதோ. தம்பி, அக்காவின் ஆஞ்சியோ சிடியைக் கட்டாயம் கேட்டு வாங்கி இரண்டு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த ரிப்போர்ட் போதாது, படம் வேண்டும்.


கரிசல்தம்பி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். அக்கா ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஸ்கேன் எடுத்தோம், தலையில் ஒன்றும் இல்லை, கழுத்துக் குழாயில் லேசாக அந்த மணிமாலை இருக்கிறதாம். போன வாரம் எக்கோவில் இதயம் பம்ப் செய்கிற அளவு 48 சதவீதத்திலிருந்து 58-க்கு வந்திருக்கிறது. ஆஸ்பிரின், மெட்டோப்ரோலால் மட்டும். இரண்டாவது மாத்திரையை ‘எத்தனை நாள், ஏன்’ என்று கேட்டேன், டாக்டர் சிரித்துவிட்டு, ‘எங்கே படித்தாய்’ என்றார், ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார். சித்தப்பா இப்போது ஊரில் எல்லோருக்கும் காரை உதாரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார், தானே யோசித்த மாதிரி.

அக்கா இந்த இழையை முழுக்கப் படித்தாள். அவளே எழுத வேண்டும் என்கிறாள். என் ஐடியிலிருந்தே.

...

நான் அக்கா. தம்பி எழுதியதில் ஒரு திருத்தம். நான் யாரையும் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தது பொறுமையால் இல்லை. காரிய வீடு, எல்லோரும் களைத்துப் படுத்திருந்தார்கள், நாமும் ஒரு நோயைக் கிளப்ப வேண்டாம் என்று இருந்தேன். ஒரு கட்டத்தில் பரணில் அடுக்கி வைத்திருந்த வெண்கலச் செம்புகளை எண்ணினேன். பதினேழு. அதையே திரும்பத் திரும்ப எண்ணி விடிய வைத்தேன்.

பள்ளிக்கு அடுத்த மாதம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறேன், முதலில் வாசல் வரை, இப்போது ரேஷன் கடை வரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது என்றார்கள், தண்ணீர்க் குடத்தை மகன் எடுத்துக்கொண்டான்.

மலர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் துடிப்பு தலையணைக்குள் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருந்ததா?


மலர்_யூகே | திங்கள், அதிகாலை 1.35

இருந்தது. ஐந்து மாதம். வலது பக்கம் திரும்பிப் படுத்தேன், அங்கேயும் கேட்டது. ரேடியோவை மெல்லிய சத்தத்தில் போட்டுவிட்டுப் படுக்கத் தொடங்கினேன், பழைய பாட்டு எதுவும் இல்லை, பேச்சு நிகழ்ச்சி, வானிலை அறிக்கை, எதையாவது. பிறகு மனநல ஆலோசகரிடமும் போனேன், ஸ்கேட் வந்தவர்களுக்கு இந்தப் பயம் பரவலாக வருகிறது, டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கோ.

எப்போது நின்றது என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ரேடியோ போட மறந்து போயிருந்தேன்.

உங்கட நேரத்துக்கு இப்போது ராத்திரி ஒரு மணிக்கு மேலே. படுங்கோ. விழித்திருந்தால் எழுதுங்கோ, நான் இன்னும் இரண்டு மணித்தியாலம் இங்கே இருப்பேன்.